களரியின் நடுவில் நின்றவர்

பல கைகளும் பல குரல்களும் ஒரே வேளையில் எழுப்பும் ஓசையை ஒரு மனிதர் தம்முடைய செவியாலும் சித்தத்தாலும் ஒழுங்கு செய்து, கேட்போருக்கு அது ஒரே உயிரின் மூச்சாகத் தோன்றும்படி ஆக்கித் தருவது, மனிதகுலம் பயின்ற கலைகளுள் மிக அரிய ஒன்றாகும். மேலைநாட்டார் அந்தக் கலையில் வல்லவரை வாத்தியக்குழு நடத்துநர் என்று போற்றி, அவர் பிறந்த ஊரையும் பயின்ற பள்ளியையும் ஏறிய மேடைகளையும் ஆண்டுவாரியாக எழுதி வைத்து, நாடு விட்டு நாடு அழைத்துச் சென்று சிறப்பிக்கிறார்கள். அதே கலையை மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் உள்ள ஊர்களிலே, நெல் வயலுக்கும் கோயில் வீதிக்கும் இடைப்பட்ட ஒரு வட்டமான மண்மேட்டின் நடுவில் நின்றுகொண்டு, தோளிலிருந்து இடுப்பளவில் தொங்கும் மத்தளத்தின் துணையோடு நடத்திக் காட்டியவர் கூத்து அண்ணாவியார். அவருடைய தொழில் எவ்வாறு நடந்தது, எவ்வாறு இடம்பெயர்ந்தது, அவருக்கு நாம் செலுத்தத் தவறிய மரியாதை யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருஞ்சாலையிலே, கல்லடியையும் காத்தான்குடியையும் கடந்தவுடன் வருவது ஆரையம்பதி. முன்னாளில் ஆரைப்பற்றை என்று வழங்கிய இவ்வூருக்குக் கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே வாவி. இரண்டு நீர்ப்பரப்புக்கும் நடுவே கிடக்கும் இந்த மணல் நிலத்தைச் சூரியன் எழும் திசை நோக்கி எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பால் வயல்களும் குளங்களுமாய் விரிந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் சொல்வார்கள். எழுவான்கரையில் குடியிருந்து படுவான்கரையில் வேளாண்மை செய்தவர் அநேகர். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரையில் ஆரையம்பதிக்கு அருகேயுள்ள மண்முனைத் துறையில் ஓடமேறியே அக்கரைக்குப் போக வேண்டியிருந்தது. நெல்லும் தயிரும் வந்த அந்தத் துறைவழியே கூத்தும் வந்தது, போயிற்று. ஓர் ஊரில் பேர் பெற்ற அண்ணாவியாரை இன்னோர் ஊரார் வெற்றிலை வைத்து அழைத்துச் சென்று, மாதக்கணக்கில் தம்மூரிலே தங்கவைத்துக் கூத்துப் பழகுவது இப்பிரதேசத்தின் வழக்கமாயிருந்தது. வாவி சூழ்ந்த அவ்வுலகத்தில் ஓர் அண்ணாவியாரின் கீர்த்தி கரை கடந்து பரவியதற்கு இதுவே வழி.

மேலைநாட்டு நடத்துநரின் வரலாறு நாம் எண்ணுகிற அளவுக்குப் பழமையானதன்று. பிரெஞ்சு அரசவையில் இசைத் தலைவராயிருந்த லுல்லி, கனத்த தடியொன்றால் தரையைத் தட்டித் தாளம் காட்டியவர். 1687ஆம் ஆண்டில் அவ்வாறு தட்டும்போது தம் காலிலேயே குத்திக்கொண்டு, அந்தப் புண் அழுகி மாண்டுபோனார். அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, ஐரோப்பிய வாத்தியக் குழுக்களை நடத்தியவர் பெரும்பாலும் முதல் வயலின் வாசிப்பவரோ விசைப்பலகையின் முன் அமர்ந்தவரோ ஆவர்; அதாவது, தாமும் வாசித்துக்கொண்டே மற்றவர்களை வாசிக்க வைத்தவர். 1820இல் இலண்டனில் சிறு கோலொன்றைக் கையிலேந்தி நடத்தியதாக ஸ்போர் என்னும் ஜெர்மானியர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1835இல் லைப்சிக் நகரின் பொறுப்பை ஏற்ற மெண்டெல்சோனும், 1869இல் நடத்துநர் கலையைப் பற்றித் தனி நூலே எழுதிய வாக்னரும், 1887இல் பெர்லின் வாத்தியக்குழுவின் தலைமையை ஏற்ற ஹான்ஸ் ஃபோன் பியூலோவும் ஆகிய இவர்களுடைய காலத்திலேதான், எந்த வாத்தியத்தையும் தொடாமல், வாத்தியக்காரர் முன்னிலையில் தனித்து நின்று, கையசைவினாலேயே இசையை ஆளும் ஒரு புது மனிதர் அரங்கில் ஸ்திரமான இடம் பெற்றார்.

அந்த மரபில் உலகப் புகழ் எய்திய இந்தியர் சூபின் மேத்தா. 1936இல் பம்பாயில் பார்சிக் குடும்பமொன்றிலே பிறந்தவர். அவருடைய தந்தை மெஹ்லி மேத்தா வயலின் வித்துவான். பம்பாயில் மேலைநாட்டு இசைக்கென ஒரு வாத்தியக்குழுவையே நிறுவியவர். வைத்தியப் படிப்பைத் தொடங்கிய மைந்தர் அதை இடையிலே விடுத்து, 1954இல் வியன்னாவுக்குப் போய், ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்னும் ஆசிரியரிடம் பயின்றார். அங்கே அவர் டபிள் பேஸ் என்னும் பெருவயலினையும் வாசித்தார். பலர் நடுவே ஒருவராயிருந்து ஒலியைக் கேட்ட பழக்கம் பிற்காலத்தில் அவருக்குப் பெரும் துணையாயிருந்திருக்க வேண்டும். 1958இல் லிவர்பூல் நகரில் நடந்த சர்வதேசப் போட்டியில் முதற் பரிசு கிடைத்தது. அதன்பின் அவருடைய ஜீவிதம் நகரங்களின் பட்டியலாகவே விரிகிறது: 1961 முதல் மொன்றியால், 1962 முதல் 1978 வரை லொஸ் ஏஞ்சல்ஸ், 1978 முதல் 1991 வரை நியூயோர்க், அவற்றோடு அரை நூற்றாண்டுக் காலம் இஸ்ரேல். 1994இல், போரினால் சிதைந்த சரயேவோ நகரத்தின் நூலக இடிபாடுகளுக்குள்ளே மோஸார்ட்டின் இரங்கற் பாசுரத்தை அவர் நடத்தினார். ரவிசங்கர் சித்தாருக்காக இயற்றிய இரண்டாவது கச்சேரி உருப்படியை 1981இல் நியூயோர்க்கில் முதன்முதலாக அரங்கேற்றியவரும் அவரே.

இவ்வளவு விவரங்களை நாம் இன்று ஐயமின்றிச் சொல்லக் காரணம், அவருடைய ஒவ்வொரு மேடையும் யாரோ ஒருவரால் குறித்து வைக்கப்பட்டிருப்பதுதான். தமிழருக்கும் இவ்வாறு குறித்து வைக்கும் புத்தி ஒரு காலத்தில் இருந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலே, மாதவியின் ஆட்டத்தைச் சொல்லப் புகுந்த இளங்கோவடிகள், அவளைப் பற்றி மட்டும் பேசி அமையவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று அவளுக்குப் பின்னே நின்றவர் ஒவ்வொருவருடைய இலக்கணத்தையும் தனித்தனியே வரையறுத்து, அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளந்தும் காட்டுகிறார். முழவை வாசிப்பவன் பிற வாத்தியங்களின் குறையை நிரப்பியும் மிகையை அடக்கியும் வாசிக்கத் தெரிந்தவனாயிருக்க வேண்டும் என்ற கருத்து அங்கே வருகிறது. முழவுக்காரனின் வேலை தாளம் போடுவதோடு முடிவதில்லை, கூட்டத்தின் ஓசை முழுவதையும் நிதானத்தில் வைத்திருப்பது அவன் பொறுப்பு என்ற தெளிவு அக்காலத்திலேயே நம்மவருக்கு இருந்ததென்று இதனால் அறிகிறோம். இந்தக் காதையை அடிப்படையாகக் கொண்டு பழந்தமிழர் யாழின் இலக்கணத்தை மீட்டெடுக்க முனைந்தவர், இந்தக் கீழ்க்கரையிலே காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் என்பது நமக்குப் பெருமை. அவருடைய யாழ் நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

இளங்கோவடிகள் ஐவரிடமும் அதற்கு மேற்பட்டவரிடமும் பகிர்ந்தளித்த பொறுப்புகளை மட்டக்களப்புக் கூத்து மரபு ஏறத்தாழ ஒருவர் தலையிலேயே ஏற்றி வைத்தது. அண்ணாவியார் ஆட்டம் பழக்குவார், பாட்டுச் சொல்லிக் கொடுப்பார், மத்தளம் வாசிப்பார், கூத்தர் தவறினால் திருத்துவார், கொப்பியிலுள்ள கூத்து நூலின் பொருளை விளக்குவார், சில சமயங்களில் நூலையே இயற்றுவார். இங்கே வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்தும் வழங்கின. வடமோடியில் பாரத ராமாயணக் கதைகள் மிகுதி. ஆட்டத்தில் வீரமும் வேகமும் ஓங்கும். அரசர் வேடத்தார் கனத்த கரப்புடுப்பும் கிரீடமும் அணிவர். தென்மோடியிலோ கற்பனைக் காதற் கதைகள் மிகுதி, உடை இலேசானது, ஆட்டமும் பாட்டும் நுணுக்கமானவை. இரண்டு மோடியிலும் வல்ல அண்ணாவியாரும் உண்டு. ஒரு மோடியில் மட்டும் பேர் பெற்றவரும் உண்டு. வசந்தன் கூத்து, மகிடிக் கூத்து, பறைமேளக் கூத்து என்று வேறு வகைகளும் அவ்வவற்றுக்குரிய ஆசான்மாரோடு இப்பிரதேசத்தில் வாழ்ந்தன.

ஓர் ஊரில் கூத்துப் போடுவதென்று பெரியவர்கள் கூடித் தீர்மானித்துவிட்டால், வேளாண்மை வெட்டிச் சூடடித்து நெல் வீடு சேர்ந்தபின், அண்ணாவியாரை அழைப்பார்கள். அவர் வந்து முதலிற் செய்யும் காரியம் சட்டங் கொடுத்தல். ஊர் இளைஞரை எதிரில் நிறுத்தி, குரலையும் உடலமைப்பையும் நடையையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன வேடமென்று பகுத்து, அவரவர் பாட்டையும் வசனத்தையும் அவரவர் கையில் ஒப்படைப்பது அது. ஊரிலே செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைக்கு அரச வேடம் வேண்டுமென்று கேட்பார் இருப்பர். குரல் நல்ல ஏழைப் பிள்ளை ஒருபுறம் நிற்பான். பெண் வேடத்துக்கு இசைகிற ஆண்பிள்ளையைத் தேடவும் வேண்டும். சட்டங் கொடுக்கும் அன்றைய தினத்திலே அண்ணாவியாரின் இசையறிவும் உலக அறிவும் ஒருங்கே சோதிக்கப்பட்டன. அன்று ஓரம் சாய்ந்தால், பின்னர் எவ்வளவு மத்தளம் வாசித்தாலும் கூத்துச் சிறப்பதில்லை.

அதன் பின் மாதக்கணக்கில் இராக் காலங்களில் பழக்கம் நடக்கும். பகலெல்லாம் வயலிலும் வாவியிலும் உழைத்த உடம்புகளுக்குத் தாளக்கட்டுகளை அண்ணாவியார் வாயாற் சொல்லி, கையால் தட்டி, காலால் ஆடிக் காட்டிப் புகட்டுவார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் பலர். ஆகையால் பாட்டு முழுவதும் செவிவழியே சென்று மனத்தில் தங்க வேண்டும். ஆட்டம் ஓரளவு படிந்தபின் சதங்கை அணியும் விழா வரும். நல்ல நாளில் பூசை செய்து, கூத்தர் கால்களில் முதன்முறை சதங்கை கட்டுவார்கள். அன்றுமுதல் தவறு ஒளிந்திருக்க இடமில்லை. ஒரு கால் பிந்தினாலும் சதங்கை காட்டிக் கொடுத்துவிடும். பிறகு வாரந்தோறும் கிழமைக் கூத்து. பின்னர், தனித்தனியே பழகிய பகுதிகளையெல்லாம் தொடுத்து ஓர் இரவு முழுதும் ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல். எல்லாம் திருப்தியான பின்னரே களரி கட்டி அரங்கேற்றம். அரங்கேற்றம் முடிந்தபின் ஊரிலே வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கமும் இருந்தது. மேலைநாட்டு நடத்துநர் ஓர் அயல் ஊர் வாத்தியக்குழுவோடு சில நாட்கள் பழகி மேடையேறிவிடுகிறார், ஏனெனில் அவர் முன் அமர்ந்திருப்போர் ஒவ்வொருவரும் தேர்ந்த வித்துவான்கள். அண்ணாவியாரோ உழவரையும் மீனவரையும் நெசவாளரையும் கொண்டு, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தம் குழுவை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அரங்கேற்ற இரவைச் சற்று அணுகிப் பார்ப்போம். கோயில் வீதியிலோ திறந்த வெளியிலோ மண்ணை வட்டமாக உயர்த்திக் களரி அமைத்திருப்பார்கள். சுற்றிலும் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டி, பழங்காலத்தில் தீப்பந்தமும் சட்டி விளக்கும், பிற்காலத்தில் காஸ் லைட்டும் ஏற்றியிருப்பார்கள். சனங்கள் வட்டத்தின் எல்லாப் புறத்திலும் பாய் விரித்து அமர்ந்திருப்பார்கள். எனவே கூத்தருக்கு முதுகுப்புறம் என்பதே கிடையாது. அந்த வட்டத்தின் மையத்திலே மத்தளத்தோடு அண்ணாவியார்; அவரை ஒட்டிச் சல்லரி போடுபவர், கொப்பி பார்ப்பவர், பக்கப்பாட்டுக்காரர். கட்டியக்காரன் முதலில் தோன்றிச் சபைக்கு அறிவித்துப் போன பின்னர், ஒவ்வொரு பாத்திரமும் வெள்ளைத் திரையின் மறைவில் வந்து நிற்க, அண்ணாவியார் அதற்குரிய தாளக்கட்டை மத்தளத்தில் எழுப்புவார். திரை விலகும். அரசன் என்றால் நிமிர்ந்த கம்பீர நடை, அரசி என்றால் ஒதுங்கி அசையும் ஒயில் நடை. மத்தளம் மாறிய மாத்திரத்தில், இன்னார் வருகிறார் என்பது கடைசி வரிசையில் தூங்கி வழிகிறவருக்கும் விளங்கிவிடும்.

வரவு ஆடி முடித்த கூத்தன் களைத்துப் போயிருப்பான். கரப்புடுப்பின் பாரமும் கிரீடத்தின் பாரமும் சேர்ந்து மூச்சு வாங்கும். அவன் தருவின் ஓரடியைப் பாடி நிறுத்தியவுடன் பக்கப்பாட்டுக்காரர் அதை ஏந்திப் பாடுவர்; அந்த இடைவெளியில் அவன் மூச்சைத் திருப்பிக்கொண்டு ஆட்டத்தில் இறங்குவான். எத்தனை தடவை அடியை மடக்கிப் பாடுவது, எப்போது காலத்தை விரைவாக்குவது, எங்கே தீர்மானம் வைத்து நிறுத்துவது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த கணக்கன்று. கூத்தனின் காலையும் முகத்தையும் பார்த்து, அண்ணாவியார் அந்தக் கணத்திலேயே முடிவு செய்வது. சிறுவயதுக் கூத்தன் ஒருவன் சனத்திரளைக் கண்டு மிரண்டு அடுத்த வரியை மறந்து நிற்கும் வேளையில், கொப்பி பார்ப்பவர் மெல்ல முதற் சொல்லை எடுத்துக் கொடுப்பார். அந்தச் சொல் அவன் செவியில் விழுந்து நாவுக்கு வரும்வரையில், மத்தளம் ஒரு சுற்றை நீட்டி, மறதியையே ஓர் அழகிய ஆட்டமாக மாற்றிவிடும். பார்த்திருந்த தாய்க்கும் தன் பிள்ளை தடுமாறியது தெரியாது. இராப் பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை, உட்காராமல், முன்னும் பின்னும் பக்கமும் நடந்து, ஒவ்வொரு கூத்தனோடும் எதிர்நின்று வாசிக்கும் அந்த மனிதருக்கு, ஒரே இரவில் எத்தனை விதமான கவனங்கள் வேண்டியிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சுகிறது. ஐரோப்பாவில் நடத்துநர் வாத்தியத்தை விட்டுப் பிரிந்து தனியே நின்ற காலத்துக்குப் பின்னரும், வாசித்துக்கொண்டே வழிநடத்தும் பழைய முறையை அதன் பூரண வளர்ச்சியில் காத்து வந்தது எங்கள் வட்டக்களரி.

இந்தத் தொழிலால் அண்ணாவியார் சீவனம் நடத்தினார் என்று சொல்வதற்கில்லை. அவருக்கும் வயல் உண்டு, தோணி உண்டு, அல்லது வேறு கைத்தொழில் உண்டு. கூத்து அரங்கேறும் நாளில் ஊரார் சால்வை போர்த்து, பணமும் வேட்டியும் வைத்துக் கொடுப்பார்கள். அதைவிட மேலான ஊதியமாக அவர் கருதியது, சபையிலே தமக்கு அளிக்கப்பட்ட இடத்தையே. அண்ணாவியார் வருகிறார் என்றால் திண்ணையிலிருந்த இளைஞர் எழுந்து நின்றனர். ஆயினும் இந்தப் பெருமையைப் பேசும்போதே ஒரு குறையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். களரியிலே நின்ற மத்தளக்காரரை வணங்கிய அதே சமூகம், கோயில் வாசலிலும் சாவு வீட்டிலும் பறை முழக்கியவரை, அவருடைய தாள ஞானம் எத்துணை ஆழமானதாயிருந்தபோதிலும், தள்ளியே வைத்தது. வித்தை ஒன்றாயிருக்க, வித்துவானை மட்டும் பிறப்பினால் தாழ்த்திய அந்த அநீதி நம் இசை வரலாற்றின் தீராத களங்கம். பெண்களுக்கும் களரியில் இடம் இருக்கவில்லை. பெண் வேடமும் ஆணே தரித்தான்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அண்ணாவியாரின் வரலாறு ஒரு திருப்பத்துக்கு வந்தது. 1956ஆம் ஆண்டில் எதிரிவீர சரத்சந்திர அவர்கள் மனமே என்னும் சிங்கள நாடகத்தை அரங்கேற்றி, நாடு முழுவதையும் வியப்பில் ஆழ்த்தினார். அந்த நாடகத்தின் ஆதாரமாயிருந்தது நாடகம என்னும் சிங்களக் கிராமிய அரங்கு. அது தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடையது. அதற்கு இசை வகுக்க அவர் நாடிச் சென்றது சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் பழைய மரபின் ஆசானை. தமிழ்க் கூத்தின் மதிப்பைத் தமிழரே உணர இது ஒரு தூண்டுகோலாயிற்று. அதே காலத்தில் இலங்கைக் கலைக் கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைவராயிருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கிராமங்களுக்கு வந்து, விடிய விடிய விழித்திருந்து கூத்துப் பார்த்து, அண்ணாவிமாரைத் தேடிப் பழகினார். 1962இல் அலங்காரரூபன் என்னும் தென்மோடி நாடக நூலை அவர் பதிப்பித்தார். அதே ஆண்டில் கர்ணன் போர், அடுத்த ஆண்டில் நொண்டி நாடகம், அதன்பின் இராவணேசன், வாலிவதை என்று பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டே கூத்துகளை மேடையேற்றினார். மாணவருக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றி விரிவான ஆய்வு செய்து நூலாக்கியவரும் அவரே.

இந்த முயற்சியால் கூத்து அடைந்த நன்மை மிகப் பெரிது. படித்தவர் முகம் சுளித்த ஒரு கலை, பல்கலைக்கழக மண்டபத்திலும் கொழும்பு மேடையிலும் கரகோஷம் பெற்றது. கூத்தைப் பழிப்போர் வாயடைத்தனர். எனினும் அண்ணாவியாரின் தொழிலைப் பொறுத்தவரையில் இரண்டு பெரிய மாற்றங்கள் நேர்ந்தன. விடியும்வரை நடந்த கூத்து ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கியபடியால், மடக்கிப் பாடுதல், சுற்றை நீட்டுதல் முதலான, கணத்தில் எழும் தீர்மானங்களுக்கு இடம் குறைந்து, எல்லாம் முன்னரே வரையறுத்த அளவுக்குள் வந்தன. இரண்டாவதாக, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையிலே கூத்தரைச் சபையோர் நேரே பார்க்க வேண்டியிருந்தமையால், வட்டத்தின் நடுவில் நின்ற அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்குச் சென்றார். முன்பு கூத்தர் அவரைச் சுற்றி ஆடினர். இப்போது அவர் கூத்தரைப் பக்கவாட்டில் பார்த்து வாசித்தார். அதே வேளையில் கூத்தை நெறிப்படுத்தும் அதிகாரம், தயாரிப்பாளர், நெறியாளர் என்ற புதுப் பெயர்களுக்குரியவரிடம் சென்றது. இதைக் குற்றமாகக் கூறுவதற்கில்லை. மேடையின் வடிவம் மாறும்போது மனிதர் நிற்கும் இடமும் மாறத்தான் வேண்டும். ஆனால் மேலைநாட்டில் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தவர் நடத்துநர், நம் நாட்டிலோ நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனவர் அண்ணாவியார் என்ற உண்மையை வரலாறு எழுதுவோர் கவனித்தாக வேண்டும்.

பிற்பட்ட காலத்தின் துன்பங்களை விரித்துரைக்க மனம் கூசுகிறது. போர் மூண்ட தசாப்தங்களில் இரவு நேரத்தில் சனங்கள் கூடுவதே ஆபத்தாயிற்று, இளைஞர் சிதறினர், அநேக ஊர்களில் மத்தளம் பரணுக்கு ஏறியது. அந்த இருண்ட காலத்திலும் சிலர் கலையைக் கைவிடவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பணியாற்றிய மௌனகுரு அவர்கள், விழாக்களில் மேலைநாட்டு பாண்டு வாத்தியத்துக்குப் பதிலாகப் பறை, மத்தளம், உடுக்கு முதலான நம் வாத்தியங்களைச் சேர்த்து இன்னியம் என்னும் அணியொன்றை உருவாக்கினார். செல்லையா அண்ணாவியாரின் வந்தாறுமூலையிலேயே அப்பல்கலைக்கழகம் அமைந்திருப்பது பொருத்தமான நிகழ்ச்சி. ஊராரால் தள்ளி வைக்கப்பட்டிருந்த பறை, பட்டதாரிகளின் ஊர்வலத்துக்கு முன்னே முழங்கிச் சென்றது. ஆண்களோடு பெண்களும் அதில் சேர்ந்தனர். நகருக்கு அண்மையிலுள்ள சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தோரும், கூத்தை மேடைக்குக் கொண்டுபோவதை விட்டு, ஊராரோடும் அண்ணாவிமாரோடும் கூடியிருந்து, களரியிலேயே அதனை மீளுருவாக்கம் செய்ய முயன்றனர். இவ்விரு முயற்சிகளும் வெவ்வேறு வழிகளில் நடந்தவையாயினும், மட்டக்களப்பின் தாள அறிவு பழம்பொருளாகிவிடக் கூடாது என்ற கவலை இரண்டுக்கும் பொதுவானது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் கடல் எழுந்து வந்து ஆரையம்பதி உள்ளிட்ட எழுவான்கரைக் கடலோரத்தை வாரிச் சென்றது. சரியாக ஓராண்டு கழித்து, 2005 டிசம்பர் 26இல், சென்னைச் சங்கீத வித்துவ சபையின் மண்டபத்திலே, பவேரிய அரசு வாத்தியக்குழுவைக் கொண்டு சூபின் மேத்தா ஆழிப்பேரலையில் மாண்டாருக்கு அஞ்சலி செலுத்தினார். இறந்தோருக்காக ஓசையைத் திரட்டி வழங்குவது நடத்துநரின் கடமைகளுள் ஒன்று என்பதை அவர் சரயேவோவிலும் சென்னையிலும் காட்டினார். அந்த அஞ்சலி நாள், மண்டபம், வாத்தியக்குழு ஆகியவற்றின் பெயரோடு பதிவாகியிருக்கிறது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தலைமுறைகளாக ஊர்களின் மகிழ்ச்சிக்கும் நேர்த்திக்கடனுக்கும் ஓசை திரட்டிக் கொடுத்தவர்களுள் எத்தனை பேருடைய பெயர் அவ்வாறு பதிவாகியிருக்கிறது? செல்லையா அண்ணாவியாரைப் போல, பல்கலைக்கழகத்தோடு தொடர்பு ஏற்பட்ட சிலர் பெயர் நிலைத்தது. மற்றவர் பெயர் அவர்களிடம் பழகிய சிஷ்யரின் ஞாபகத்திலும், பழைய கூத்துக் கொப்பிகளின் ஓரங்களிலுமே தங்கி நிற்கிறது.

எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தும், வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகத்தை எழுதியும் இந்தப் பிரதேசத்தின் சரித்திரத்துக்கும் வாழ்வுக்கும் அரிய அடித்தளமிட்டுச் சென்றார்கள். அந்த அடித்தளத்தின் மேல் நாம் கட்ட வேண்டிய அடுத்த மாடம், அண்ணாவிமாரின் சரித்திரம். ஒவ்வோர் அண்ணாவியாரும் யாரிடம் பழகினார், எந்த மோடியில் வல்லவர், எந்தெந்த ஊர்களில் எந்தெந்தக் கூத்தை எப்போது அரங்கேற்றினார், அவரிடம் பழகித் தாமும் அண்ணாவியாரானவர் யாவர் என்பவற்றை, ஊர்ப் பாடசாலை ஆசிரியர்களும் கோயில் வண்ணக்கர்மாரும் இளைஞர் மன்றத்தாரும் கூடி எழுதி வைக்கலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. முதியவரின் பக்கத்தில் அமர்ந்து கேட்கும் பொறுமையும், கேட்டதை ஒழுங்காக எழுதும் சிரத்தையும் போதும். அவர்களுடைய தாளக்கட்டுகளை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்து ஒலிப்பதிவு செய்து வைப்பது அதனினும் அவசியம். ஏனெனில் எழுத்தில் அடங்காத காலப் பிரமாணமெல்லாம் அந்தக் குரலில்தான் இருக்கிறது. அதன் பின்னர், மேலைநாட்டு நடத்துநரின் வரலாற்றைப் படிக்கும் நம் பிள்ளைகள், தம் ஊர் அண்ணாவியாரின் வரலாற்றையும் அதே புத்தகத்தில், அதே மதிப்போடு படிக்க வேண்டும். ஓர் இரவு முழுவதும் ஓர் ஊரின் மூச்சைத் தம் விரல் நுனியில் வைத்திருந்த ஒரு மனிதருக்கு, அவருடைய பெயரைப் பிழையில்லாமல் எழுதி வைப்பதைக் காட்டிலும் குறைந்த கைம்மாறு எதையும் நாம் செய்துவிட்டு அமைதி கொள்ள முடியாது.